மார்ச் மாதப் பால் டிசம்பரில் நிற்கிறது: எக்ஸல் திகதிச் சிக்கல், உதவி தேவை

பால்கணக்கு (கொக்கட்டிச்சோலை):
வணக்கம். ஊரில் ஒரு சிறிய பால் சேகரிப்பு நிலையத்துக்குக் கணக்கு எழுதுகிறேன். பால் அளக்கும் தம்பி போனில் ஒரு படிவத்தில் லீற்றரைப் பதிவார். அது சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) எனக்கு வரும், நான் எக்ஸலில் திறந்து கூட்டுவேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை காசு. பழைய கணனியில் ஒரு குறையும் இருக்கவில்லை. இப்போது புது மடிக்கணனி. மார்ச் மாதம் என்று வடிகட்டினால் 3ஆம் திகதிப் பால் மட்டும் வருகிறது. மிச்சத்தைத் தேடினால் டிசம்பர் 3 என்று நிற்கிறது. டிசம்பர் இன்னும் வரவே இல்லையே! கோப்பில் 12/03/2025 என்றுதான் இருக்கிறது. திகதியின் வடிவத்தை மாற்றிப் பார்த்தேன், சரிவரவில்லை. காசு கொடுக்க மூன்று நாள்தான் இருக்கிறது. அவசரம்.

அக்கரைப்பற்றுக் காக்கா:
தங்கச்சி, திகதி நிரலை நன்றாகப் பாருங்கள். சில கலங்கள் வலப்பக்கம் ஒட்டியும் சில இடப்பக்கம் ஒட்டியும் நிற்கின்றனவா?

பால்கணக்கு:
ஓம் காக்கா. 12 வரைக்கும் வலப்பக்கம். 13க்குப் பிறகு எல்லாமே இடப்பக்கம்.

அக்கரைப்பற்றுக் காக்கா:
அப்போ விசயம் அதுதான். எக்ஸலுக்குத் திகதி என்பது ஓர் எண். 1900 ஜனவரி 1ஐ 1 என்று வைத்து எண்ணிக்கொண்டு வருகிறது. 2025 மார்ச் 5 என்றால் 45721. மே 3 என்றால் 45780. கோப்பில் இருப்பது வெறும் எழுத்து. திறக்கும்போதே அதை எண்ணாக்க வேண்டும், அதற்கு விண்டோஸில் எந்த நாடு தெரிவாகியிருக்கிறது என்று பார்க்கும். உங்கள் புதுக் கணனி அமெரிக்காவில் நிற்கிறது. அங்கே மாதம்தான் முதலில்.

அதனால் 12/03 டிசம்பர் 3 ஆகிவிட்டது. 13/03 வந்ததும் 13ஆம் மாதம் என்று ஒன்று இல்லை, எழுத்தாகவே விட்டுவிட்டது. இடப்பக்கம் ஒட்டி நிற்பவை அவைதான். மார்ச் 3 தப்பியது நாளும் மாதமும் ஒரே எண் என்பதால். ஒரு எச்சரிக்கைகூடக் காட்டாமல் பாதியைத் தவறாக மாற்றி, பாதியை அப்படியே விடுகிறது பாருங்கள், எனக்குப் பெரிய கோபம் அதில்தான். காசு விசயமாச்சே.

மார்ச் 5க்கான 05/03 இப்போது மே 3 ஆகி 45780 என்று உள்ளே நிற்கிறது. வடிவத்தை மாற்றினால் அது வேறு மாதிரித் தெரியும், அவ்வளவுதான். எண் அதேதான்.

சேமிக்காமல் மூடுங்கள். விண்டோஸில் பிராந்தியத்தை இலங்கை என்று மாற்றி, குறுந்திகதியில் நாள் முதலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூலக் கோப்பைத் திரும்பத் திறவுங்கள். இல்லாவிட்டால் அந்த நிரலை எழுத்தாகவே இறக்கி, 'டெக்ஸ்ட் டு கொலம்ஸ்' மூன்றாம் படியில் டிஎம்வை (நாள், மாதம், ஆண்டு) என்பதைத் தெரிவு செய்யுங்கள். அப்புறம், படிவம் எழுதியவரிடம் 2025-03-12 என்று ஆண்டு முதலாக எழுதச் சொல்லுங்கள். திகதி எழுத உலகத் தரமான ஐஎஸ்ஓ 8601 முறை அது. எந்த நாட்டுக் கணனிக்கும் குழப்பம் வராது.

பால்கணக்கு:
வந்துவிட்டது காக்கா! எல்லாம் வலப்பக்கம். படிவம் எழுதிய மச்சானிடமும் சொல்லிவிட்டேன்.

(இரண்டு கிழமைக்குப் பிறகு)

பால்கணக்கு:
திரும்ப வந்திருக்கிறேன். மச்சான் 2025-04-07 என்ற முறைக்கு மாற்றிவிட்டார், ஆனால் புதுக் குறை. காலைப் பாலில் சிலருடையது மட்டும் முதல் நாளில் போய் விழுகிறது. பின்னேரப் பாலில் ஒரு பிழையும் இல்லை. நேரத்துக்குத் தனி நிரல் இருக்கிறது, அது சரி.

வாவிக்காற்று:
காலைப் பால் எல்லாவற்றுக்கும் ஒரு நாள் கூட்டிவிடுங்களேன்.

அக்கரைப்பற்றுக் காக்கா:
வேண்டாம், சரியாக இருப்பதும் கெட்டுப்போகும். பிழைத்த வரிகளில் கடைசி நேரம் என்ன?

பால்கணக்கு:
5:28. சரியானவற்றில் ஆக முந்தியது 5:31.

அக்கரைப்பற்றுக் காக்கா:
நினைத்தேன். எல்லை 5:30. இலங்கை நேரம் யூடிசியை (உலகப் பொது நேரம்) விட ஐந்தரை மணி முந்தியது. காலை 5:12க்கு இங்கே பால் அளக்கும்போது யூடிசியில் முதல் நாள் இரவு 23:42. மச்சான் படிவம் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் டு-ஐஎஸ்ஓ-ஸ்ட்ரிங் என்ற கட்டளையைப் போட்டு முதல் பத்து எழுத்தை வெட்டியிருப்பார். அது எப்போதும் யூடிசியில்தான் எழுதும். கெட்ஃபுல்இயர், கெட்மந்த், கெட்டேட் மூன்றையும் எடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள், அவை போனின் நேரத்தைத் தரும். மாதத்தோடு 1 கூட்ட மறக்க வேண்டாம், ஜாவாஸ்கிரிப்டில் ஜனவரி 0.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் '2025-04-07' என்று திகதி மட்டும் கண்டால் யூடிசி என்று எடுக்கும். பின்னால் நேரத்தையும் சேர்த்து '2025-04-07டி05:12' என்று எழுதினால் உள்ளூர் நேரம் என்று எடுக்கும். கடைசியில் +05:30 போட்டுவிட்டால் ஊகத்துக்கே இடமில்லை.

மச்சான் ஆண்டு முதலாக மாற்றிய பிறகு பதிந்த வரிகளில் 5:30க்கு முந்தியவற்றுக்கு மட்டும் ஒரு நாள் கூட்டுங்கள்.

களுதாவளை வாசகன்:
ஒரு சொல். பழைய பதிவேடு ஏதும் ஏற்றுவதாக இருந்தால் கையால் ஐந்தரை மணி கூட்ட வேண்டாம். 1996 மே 25இல் யூடிசிக்கும் நமக்கும் உள்ள இடைவெளி 6:30 மணி ஆனது, ஒக்டோபர் 26இல் 6:00 ஆனது, 2006 ஏப்ரல் 15இல்தான் 5:30க்குத் திரும்பியது. 'ஏசியா/கொழும்பு' என்ற நேரவலயப் பெயரைக் கொடுத்தால் புரோகிராம் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும். ஆனால் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே இருந்தது, அது அந்தப் பெயருக்குள் இல்லை. அந்த நாளில் மட்டக்களப்பு வாவியைக் கடந்து, அவர்கள் பக்கம் இருந்த படுவான்கரைக்குப் போனால் 'புது நேரமா, பழைய நேரமா' என்று கேட்டுத்தான் கைக்கடிகாரத்தைத் திருப்புவோம்.

பால்கணக்கு:
அம்மாவும் அதைச் சொல்வா.

மச்சான் மாற்றிவிட்டார். இன்று காலை 5:09க்கு ஒரு மாமி ஊற்றிய நாலரை லீற்றர் இன்றைய திகதியிலேயே விழுந்தது. போன கணக்கில் குறைந்த ஏழு பேருடைய மிச்சக் காசை நாளைக்குக் கொடுக்கிறோம்.