டிரா.ஐஓ: ஐகான் கறுப்பாகவே வருகிறது, கோடு மடிகிறது, தமிழ் லேபிள் காணாமல் போகிறது – பொது நூலகம் அமைப்பது எப்படி?

வலைக்கண்ணி:

வணக்கம் நண்பர்களே. ஏடபிள்யூஎஸ்-இல் (அமேசானின் மேகக் கணினிச் சேவையில்) ஓடும் ஒரு சேவையின் கட்டமைப்பு வரைபடங்களை டிரா.ஐஓ என்ற வரைபடக் கருவியில் வரைந்து வருகிறோம். நான்கு பேர் வரைவதால் படங்களும் நான்கு விதமாக இருக்கின்றன. சிக்கல்கள் இவை:

அமேசான் தரும் ஐகான்களில் இல்லாதவற்றுக்கு, அதாவது எஸ்எம்எஸ் கேட்வே, பில் பிரிண்டர் மாதிரியானவற்றுக்கு, டேப்ளர் என்ற ஐகான் தொகுப்பிலிருந்து எஸ்விஜி (திசையன் படக் கோப்பு) எடுத்துப் போடுகிறோம். எல்லாமே கறுப்பாக வருகின்றன, வலப்பக்கப் பேனலில் நிறத்தை மாற்ற முடியவில்லை. மற்ற ஐகான்களுக்குப் பக்கத்தில் வைத்தால் கோடுகள் தடியாகவும் தெரிகின்றன.

இரண்டு ஐகான்களை நேர்க்கோட்டில் வைத்து இணைத்தாலும் கோட்டின் நடுவில் ஒரு சின்ன மடிப்பு விழுகிறது. சிலவற்றில் கோடு ஐகானைத் தொடாமல் முன்னாலேயே நின்றுவிடுகிறது.

எஸ்விஜி-யாக ஏற்றுமதி செய்து இங்க்ஸ்கேப் என்ற படத்திருத்தியில் திறந்தால், தமிழ் லேபிள்களுக்குப் பதிலாக, எழுத்தைக் காட்ட முடியாது என்ற ஆங்கில வரி நிற்கிறது.

நால்வரும் ஒரே ஐகான் நூலகத்தைப் பயன்படுத்த வழி உண்டா? நூலகத்தில் ஒரு ஐகானை மாற்றினால் பழைய படங்களிலும் மாறுமா?

திசையன்:

நிறத்திலிருந்து தொடங்குகிறேன். டேப்ளர், லூசிட் போன்ற கோட்டு ஐகான்களில் ஸ்ட்ரோக், அதாவது கோட்டின், நிறம் ‘கரன்ட்கலர்’ என்று எழுதப்பட்டிருக்கும். வலைப்பக்கத்தில் வைத்தால் சுற்றியுள்ள எழுத்தின் நிறத்தை அது எடுத்துக்கொள்ளும். டிரா.ஐஓ அதை ஒரு படமாகக் கோப்புக்குள் புதைத்துவிடுகிறது. படத்துக்குள்ளிருந்து வெளியே எட்டிப் பார்க்க வழியில்லை, அதனால் கறுப்பு. எஸ்விஜி-யை நோட்பேடில் திறந்து அந்தச் சொல் வரும் இடங்களிலெல்லாம் #334155 போல ஒரு நிற எண்ணைப் போட்டுச் சேமித்துவிட்டு, அதன்பிறகு இழுத்துப் போடுங்கள்.

டிரா.ஐஓ-வுக்குள்ளேயே நிறத்தை மாற்றும் வசதி வேண்டுமென்றால் இரண்டு வேலை. எஸ்விஜி-க்குள் ஒரு ஸ்டைல் பகுதி எழுதி, அதில் ஒரு கிளாஸ் வைத்து, நிறத்தை அந்த கிளாஸில் கொடுக்க வேண்டும். நிறம் நேரடியாகப் பாதையின் பண்பாக இருந்தால் பேனலுக்கு அது தெரியாது. அடுத்து, டிரா.ஐஓ-வில் ஐகானைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+இ அழுத்தி, ஸ்டைல் வரியின் கடைசியில் எடிட்டபிள்-சிஎஸ்எஸ்-ரூல்ஸ் என்ற பண்பைச் சேர்க்க வேண்டும். ஆங்கிலத்தில் மூன்று பகுதியையும் ஒட்டி ஒரே சொல்லாக எழுதுங்கள். சிஎஸ்எஸ்-இன் முதல் சி-யும் ரூல்ஸின் ஆர்-உம் மட்டும் பெரிய எழுத்து. மதிப்பு =.*; என்று. உடனே பேனலில் நிறப்பெட்டி தோன்றும். ஆனால் நால்வர் வரையும் இடத்தில் எல்லா ஐகானுக்கும் இந்த வசதியைக் கொடுக்காதீர்கள். பழுது, எச்சரிக்கை என்று நிலையைக் காட்டும் ஐகான்களுக்கு மட்டும் போதும். மற்றவற்றில் நிறம் பூட்டியே இருக்கட்டும்.

தடிமன் வெறும் கணக்குதான். டேப்ளர் ஐகான் 24-க்கு 24 கட்டத்தில், கோடு 2 அளவில் வரையப்பட்டது. அதை 60 அளவில் வைத்தால் 2.5 மடங்கு பெரிதாகிறது, கோடும் 5 பிக்சல் ஆகிவிடுகிறது. பக்கத்தில் ஓடும் இணைப்புக் கோடோ 1 பிக்சல். ஸ்ட்ரோக் அகலத்தை 0.8 என்று மாற்றினால் 60 அளவில் சரியாக 2 பிக்சல் வரும். இங்க்ஸ்கேப்பில் பெரிதாக்குவதானால், பிரெஃபரன்ஸஸில் பிஹேவியர், அதற்குள் டிரான்ஸ்ஃபார்ம்ஸ் போய், கோட்டு அகலமும் சேர்ந்து பெரிதாகும் தெரிவை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. வியூபாக்ஸ் (படம் வரையப்பட்ட கட்டத்தின் எல்லையைச் சொல்லும் பண்பு) இல்லாமல் அகலமும் உயரமும் மட்டும் உள்ள எஸ்விஜி-கள் உண்டு. அவற்றைப் பெரிதாக்கினால் சட்டகம்தான் பெரிதாகும், படம் மூலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். நூலகத்தில் சேர்க்குமுன் ஒவ்வொரு கோப்பிலும் வியூபாக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐகான்களை வலைப்பக்கத்தில் நேரடியாக எஸ்விஜி நிரலாக ஒட்டுபவர்களுக்கு ஒரு சொல்: பழைய ஏடபிள்யூஎஸ் கோப்புகள் பலவற்றில் நிறச்சாய்வுக்கு ‘லீனியர்கிரேடியன்ட்-1’ என்ற ஒரே ஐடி இருக்கும். ஒரே பக்கத்தில் பத்து ஐகான்களை ஒட்டினால் பிரௌசர் முதல் ஐடி-யையே எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொள்ளும், பச்சையாக வர வேண்டிய எஸ்3 (கோப்புச் சேமிப்புச் சேவை) ஐகான் ஆரஞ்சாக வரும். எஸ்விஜி-களைச் சுருக்கும் எஸ்விஜிஓ கருவியில் ஐடி-களுக்கு முன்னொட்டு சேர்க்கும் செருகுநிரல் இருக்கிறது, அது இதற்காகத்தான். டிரா.ஐஓ-வுக்குள் இந்தத் தொல்லை வராது, அங்கே ஒவ்வொன்றும் தனிப் படம்.

கட்டமும் கோடும்:

கோடு மடிவதற்கு வருகிறேன். டிரா.ஐஓ-வில் இருக்கும் ஏடபிள்யூஎஸ் ஐகானை இழுத்துப் போட்டால் 78-க்கு 78 அளவில் விழும். நடுப்புள்ளி 39. கட்டவலை இயல்பாக 10 இடைவெளியில் இருக்கும். 60 உயரப் பெட்டியின் மேல் விளிம்பு 100-இல் இருந்தால் அதன் நடு 130. பக்கத்தில் 90-இல் ஒட்டிய ஐகானின் நடு 129. அந்த 1 பிக்சல் வித்தியாசம்தான் உங்கள் மடிப்பு. எத்தனை தடவை நகர்த்தினாலும் போகாது, ஏனென்றால் இரண்டு நடுவும் ஒரே கட்டக்கோட்டில் சேரவே முடியாது.

எல்லா ஐகானையும் 60 அல்லது 80 ஆக்குங்க. அப்போ நடு 30 அல்லது 40, வலைக்கோட்டிலேயே உட்காரும். அரேஞ்ஜ் தாவலில் அகலம், உயரம் கொடுத்து, ‘கன்ஸ்ட்ரெய்ன் ப்ரொபோர்ஷன்ஸ்’ டிக் பண்ணி, அந்த நிலையிலேயே நூலகத்தில் சேர்த்துடுங்க. நூலகத்தில் எந்த அளவில் வைத்தீர்களோ அதே அளவில்தான் வெளியே வரும்.

கோடு முன்னாலேயே நின்றுபோவதற்குக் காரணம் ஐகானைச் சுற்றியுள்ள வெற்றிடம். கோடு முடிவது படத்தின் செவ்வக எல்லையில். ஏடபிள்யூஎஸ்-இன் லாம்ப்டா, இசி2 மாதிரி நிறம் நிரம்பிய சதுர ஐகானில் எல்லையும் படமும் ஒன்று. கோட்டு ஐகானில் உள்ளே நாலா பக்கமும் காலியிடம் இருக்கும். அதை வெட்டி எறிவது தப்பு. வெட்டினால் ஒல்லியான ஐகான் ஒரு அளவில், அகலமான ஐகான் ஒரு அளவில் தெரியும். வலது கிளிக்கில் ‘எடிட் கனெக்‌ஷன் பாயின்ட்ஸ்’ போய் புள்ளிகளைப் படத்தின் விளிம்புக்கு உள்ளே தள்ளுங்க. அதைவிட எனக்குப் பிடித்தது, வெளி ஐகான்களுக்கும் பின்னால் வெளிர்சாம்பல் நிறத்தில் 60-க்கு 60 சதுரம் வைத்துவிடுவது. ஏடபிள்யூஎஸ் அல்லாதவை என்று பார்த்தவுடன் தெரியும், கோடும் ஒட்டி நிற்கும். வட்ட ஐகானாக இருந்தால் ஸ்டைல் வரியில் பெரிமீட்டரை நீள்வட்டம் என்று மாற்றினால் சாய்கோடுகள் சரியாகும்.

இணைக்கும்போது நிறத்தைப் பாருங்க. ஐகானின் முழு விளிம்பும் நீலமாக ஒளிர்ந்தால் மிதக்கும் இணைப்பு, ஐகானை நகர்த்தினால் கோடு பக்கம் மாறிக்கொள்ளும். ஒரு புள்ளி மட்டும் பச்சையானால் நிலையான இணைப்பு. வரைந்துகொண்டிருக்கும்போது மிதக்கும் இணைப்பு வசதி, இடங்கள் முடிவானதும் நிலையானதுக்கு மாறுங்க. லேபிள் ஐகானுக்குக் கீழே இருப்பதால் கீழ்ப்புள்ளியிலிருந்து கோடு எடுக்காதீங்க, எழுத்தைக் குத்திக்கொண்டு போகும்.

நூலகம்: ஃபைல், நியூ லைப்ரரி. அது ஒரு சாதாரண எக்ஸ்எம்எல் கோப்பு, கிட்-இல் (கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியில்) வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் ‘ஓப்பன் லைப்ரரி ஃப்ரம்’ வழியாகத் திறந்தால் இடது பேனலில் வந்துவிடும். ஆனால் நூலகத்திலிருந்து எடுத்துப் போடுவது நகல்தான், தொடர்பு கிடையாது. அங்கே மாற்றினால் பழைய படம் மாறாது. பழைய படத்தில் மாற்ற, புது ஐகானை இழுத்து பழையதன் நடுவில் கொஞ்ச நேரம் பிடிங்க. மாற்றும் குறி தெரிந்ததும் விட்டால் லேபிளும் இணைப்புகளும் அப்படியே இருக்க, ஐகான் மட்டும் மாறும்.

கோப்பு அளவையும் கவனிங்க. ஒவ்வொரு நகலும் பேஸ்64-ஆக (தரவை எழுத்துகளாக மாற்றும் முறையில்) கோப்புக்குள் போகிறது, மூன்றில் ஒரு பங்கு கூடும். 40 கேபி ஐகானை 30 இடத்தில் வைத்தால் 1.6 எம்பி. எஸ்விஜிஓ-வில் சுருக்கிவிட்டுச் சேருங்க. அப்படியே ஃபைல் மெனுவில் ப்ராப்பர்டீஸ் போய் ‘கம்ப்ரெஸ்டு’ டிக்கை எடுத்துடுங்க. அது இருந்தால் கிட்-இல் என்ன மாறியது என்று படிக்கவே முடியாது.

நிரல்வழி:

இவ்வளவு பாடுபட்டு ஏன் கையால் வரைய வேண்டும்? எழுதிய வரிகளைப் படமாக்கும் கருவிகள் உண்டு. அவற்றில் ஒன்றான மெர்மெய்டில் 11.1 பதிப்பிலிருந்து கட்டமைப்பு வரைபடம் இருக்கிறது. குழு, சேவை, எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குக் கோடு என்று எழுதினால் போதும். இன்னொன்றான பிளான்ட்யூஎம்எல்-இன் உள் நூலகத்திலேயே ஏடபிள்யூஎஸ் ஐகான்கள் உள்ளன. நால்வர் எழுதினாலும் படம் ஒரே மாதிரி வரும்.

கட்டமும் கோடும்:

பத்துப் பெட்டி வரைக்கும் நீங்கள் சொல்வது சரி. மெர்மெய்டில் இயல்பாக வருவது மேகம், தரவுத்தளம், வட்டு, இணையம், சர்வர் என்று ஐந்தே ஐகான். மற்றவை ஐகானிஃபை என்ற வெளி ஐகான் தொகுப்பைப் பதிவு செய்ய முடிகிற இடத்தில்தான் தெரியும், மற்ற இடத்தில் கேள்விக்குறிதான். பெட்டிகள் கூடினால் எதை எங்கே வைப்பது என்பது கருவியின் கையில் போய்விடும். இவர்களுக்கு இடம் முக்கியம்.

வலைக்கண்ணி:

மடிப்பு போய்விட்டது, 60-க்கு மாற்றியது கைகொடுத்தது. நன்றி. இடம் முக்கியம் என்று சொன்னதால் இதையும் கேட்கிறேன். விபிசி (ஏடபிள்யூஎஸ்-க்குள் நமக்கென்று உள்ள தனி நெட்வொர்க்) பெட்டிக்குள் எதையெல்லாம் வைக்கலாம்? எங்களில் ஒருவர் எஸ்3-ஐ உள்ளே வைக்கிறார், இன்னொருவர் வெளியே.

மேகக்கட்டம்:

வெளியே வைப்பவர் சரி. எஸ்3-உம் டைனமோடிபி என்ற தரவுத்தளமும் ரீஜன் (ஏடபிள்யூஎஸ்-இன் ஒரு புவிப்பகுதி) அளவிலான சேவைகள், விபிசி-க்கு வெளியே, ரீஜன் பெட்டிக்குள் இருக்க வேண்டும். தனிப்பட்ட சப்நெட்டிலிருந்து (விபிசி-யின் உட்பிரிவிலிருந்து) அவற்றை அடைய விபிசி விளிம்பில் கேட்வே எண்ட்பாயின்ட் (அந்தச் சேவைகளுக்கான வாசல்) ஐகானை வைத்து அதன் வழியே கோடு போடுங்கள். உள்ளே வைத்துவிட்டால், ட்ராஃபிக் எந்த வழியாகப் போகிறது என்ற கேள்விக்குப் படத்தில் பதில் இருக்காது. பாதுகாப்புத் தணிக்கையில் முதலில் கேட்பது அதைத்தான்.

ரூட் 53 (டிஎன்எஸ் சேவை), கிளவுட்ஃப்ரன்ட் (உள்ளடக்க விநியோகச் சேவை) இரண்டும் ரீஜனுக்கும் வெளியே. ஆர்டிஎஸ் (தரவுத்தளச் சேவை) சப்நெட்டுக்குள். அதிகம் பார்க்கும் பிழை, ஒரே சப்நெட் பெட்டி இரண்டு அவெய்லபிலிட்டி ஸோன்களின் (ஒரு ரீஜனுக்குள் தனித்தனியாக இயங்கும் தரவு மையத் தொகுதிகளின்) மேல் நீண்டு கிடப்பது. ஒரு சப்நெட் ஒரு ஸோனுக்குள் மட்டுமே இருக்க முடியும். இரண்டு ஸோன் என்றால் இரண்டு சப்நெட் பெட்டி வரையுங்கள். செக்யூரிட்டி குரூப் (எந்த ட்ராஃபிக்கை அனுமதிப்பது என்ற விதிகளின் தொகுப்பு) அப்படியல்ல, ஸோன்களைத் தாண்டி நீளலாம். அதைக் குழுப்பெட்டியாக வைக்காமல், நிரப்பு நிறம் இல்லாத சாதாரணச் செவ்வகமாக வையுங்கள். குழுப்பெட்டியாக இருந்தால் அதன்மேல் விடும் ஐகான்கள் சப்நெட்டிலிருந்து பிரிந்து அதற்குள் போய்விடும், பிறகு சப்நெட்டை நகர்த்தினால் ஐகான் கூட வராது.

‘மோர் ஷேப்ஸ்’ பட்டியலில் பழைய ஆண்டு எண்ணுள்ள ஏடபிள்யூஎஸ் தொகுப்புகளும் இருக்கின்றன. பழைய படத்தைத் திருத்தும்போது தவிர அவற்றை டிக் செய்யாதீர்கள். நால்வர் படமும் வேறுபடுவதற்குப் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம்.

உரிம விதிகளையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் தன் மேகச் சேவையான அஷூரின் ஐகான்களை வெட்டவோ திருப்பவோ உருமாற்றவோ கூடாது என்கிறது. சிஸ்கோ தன் நெட்வொர்க் ஐகான்களைத் தாராளமாகப் பயன்படுத்தச் சொல்கிறது, மாற்றக் கூடாது. டேப்ளர் எம்ஐடி உரிமம், ஆகவே மேலே சொன்ன கோட்டு அகல மாற்றங்களுக்குத் தடையில்லை. ஃபான்ட் ஆசம் என்ற ஐகான் தொகுப்பின் இலவசப் பதிப்பில் ஐகான்கள் சிசி பிஒய் 4.0 உரிமம், மூலத்தைக் குறிப்பிட வேண்டும்.

திசையன்:

தமிழ் லேபிள் விடுபட்டுப் போயிற்று. டிரா.ஐஓ லேபிளை இயல்பாக எச்டிஎம்எல்-ஆக வைத்து, எஸ்விஜி-க்குள் ‘ஃபாரின்ஆப்ஜெக்ட்’ என்ற கூறில் போடுகிறது. பிரௌசருக்கு அது புரியும், இங்க்ஸ்கேப்புக்குப் புரியாது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, டெக்ஸ்ட் தாவலில் ‘வேர்ட் ராப்’, ‘ஃபார்மேட்டட் டெக்ஸ்ட்’ இரண்டு டிக்கையும் எடுத்துவிட்டு ஏற்றுமதி செய்யுங்கள். வரி தானாக மடியாது, நீளமான லேபிளில் என்டர் தட்டி நீங்களே உடைக்க வேண்டும்.

எழுத்துரு அடுத்த பிரச்சினை. விண்டோஸில் நிர்மலா யூஐ, மேக்கில் தமிழ் சங்கம் எம்என் என்று அந்தந்தக் கணினியில் உள்ளது வந்து உட்காரும். இரண்டின் அகலமும் வேறு, ஒன்றில் பொருந்திய லேபிள் மற்றதில் பக்கத்து ஐகான்மேல் ஏறும். நால்வரும் நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவி, நூலக ஐகான்களின் லேபிளிலேயே அதை அமைத்துவிடுங்கள். சேவையின் பெயரை முதல் வரியில் வைத்து, அது செய்யும் வேலையை இரண்டாம் வரியில் தமிழில் எழுதினால் அகலம் கட்டுக்குள் இருக்கும்.

வெளியாருக்கு அனுப்பும் படத்தை டெஸ்க்டாப் செயலியிலிருந்து பிடிஎஃப்-ஆக எடுங்கள், எழுத்துரு உள்ளேயே பதிந்துவிடும். எஸ்விஜி-தான் வேண்டும் என்றால் இங்க்ஸ்கேப்பில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்து எழுத்தை வடிவமாக மாற்றி அனுப்புங்கள். அப்படி மாற்றிய கோப்பில் லேபிளைத் தேடவோ திருத்தவோ முடியாது, மூலக் கோப்பைத் தனியாக வைத்திருங்கள்.