வீட்டுக்கு 5 ஏக்கர் என்று விதித்தால் விளைநிலம் தப்புமா?

கிணற்றடி:
வீட்டு மனை இத்தனை ஏக்கருக்குக் குறையக்கூடாது என்ற பெரிய மனை விதியால்தான் ஊர் கண்டபடி பரவுகிறது என்று ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். பாதாளச் சாக்கடை எட்டாத இடத்தில் வேறு வழி என்ன? சொந்தக் கிணறு, செப்டிக் டேங்க், கழிவுநீரை மண்ணில் இறக்கும் களம், அது அடைத்துக்கொண்டால் மாற்றுக்களம். இத்தனையும் கால் ஏக்கரில் அடங்காது. நெருக்கிக் கட்டினால் கழிவுநீரிலுள்ள நைட்ரேட் என்ற உப்பு கிணற்றில்தான் இறங்கும்.

அளவுகோல்:
அது ஒரு ஏக்கருக்கான நியாயம், ஐந்துக்கு அல்ல. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் மான்ட்கோமரி கவுண்டி (நம்மூர் மாவட்டம் போல), விளைநிலத்தைக் காக்க 1970-களில் வீட்டுக்கு 5 ஏக்கர் என்று வைத்தது. காப்பாற்றவா செய்தது? 100 ஏக்கர் பண்ணை 20 துண்டானால், நடுவில் வீடு, நீள வண்டிப்பாதை, மீதி புல்தரை. அறுவடை எந்திரத்தைத் திருப்பக்கூட இடம் போதாது. பக்கத்தில் உழுபவர்மீது எரு நாற்றம், மருந்தடிப்பு என்று புகார் வேறு.

சாலையையும் கணக்குப் பாருங்கள். இருபுறமும் வீடு, மனை முகப்பு 200 அடி என்றால் 100 வீட்டுக்கு 10,000 அடி சாலை. முகப்பு 50 அடியானால் 2,500 போதும். பராமரிப்புச் செலவு ஆண்டாண்டுக்கும் தொடரும்.

கிணற்றடி:
அதே கவுண்டி 1980-இல் 25 ஏக்கருக்கு ஒரு வீடு என்றதே! 20 வீடு போட முடிந்த நிலத்தில் இனி நாலுதான் என்றால் உழவர் தலையில் அல்லவா கை வைக்கிறார்கள்?

அளவுகோல்:
அதற்குத்தான் கட்டும் உரிமையைத் தனியே விற்க விட்டார்கள். 5 ஏக்கருக்கு ஓர் உரிமை. 100 ஏக்கர்காரருக்கு 20. நாலு வீட்டுக்குப் போக 16-ஐ விற்கலாம். வாங்கும் கட்டுநர் அதை வைத்து நகர்ப்பக்கம் கூடுதல் வீடு கட்டுவார். சுமார் 93,000 ஏக்கர் இந்த ஏற்பாட்டுக்குள் வந்தது.

செங்கல்:
சறுக்குவதும் அங்கேதான். உரிமையை இறக்கவேண்டிய பகுதியில் குடியிருப்போர் எதிர்த்து, கட்ட விடும் வீடுகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டால், உழவர் கையில் இருப்பது வெறும் காகிதம். நகருக்குள் மனையளவைக் குறைக்காமல் வெளியே மட்டும் பூட்டுப் போடக்கூடாது. டெக்சாஸின் ஹூஸ்டன் நகரம் 1998-இல், நகர் மையத்தைச் சுற்றும் 610 வளையச் சாலைக்குள் குறைந்தபட்ச மனையளவை 5,000 சதுர அடியிலிருந்து 1,400 வரை இறக்க அனுமதித்தது; 2013-இல் வெளியிலும். ஒரு பழைய வீட்டு மனையில் மூன்று டவுன்ஹவுஸ் (ஒடுங்கிய மாடிவீடு) எழும்பின.

கிணற்றடி:
ஹூஸ்டனில் சாக்கடைக் குழாய் இருக்கிறது, செய்யட்டும். தெருக்காரர்கள் மனுப்போட்டு அந்தச் சிறு மனை விதியிலிருந்து விலகிக்கொள்ளவும் அங்கே வழி வைத்தார்கள், அதையும் சொல்லுங்கள். குழாய் இல்லாத இடத்தில் ஒரு ஏக்கருக்குக் கீழே இறங்க என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.