பெலைட்ல ஸ்க்ரூ டிஸ்லொகேஷன் போட்டா எனர்ஜி பாதாளத்துக்குப் போகுது, யாராவது பாருங்களேன்

வேளச்சேரி_வாசி:
எம்டெக் ப்ராஜெக்ட்ங்க. சிமெண்ட்ல இருக்கற பீட்டா பெலைட் (ஒரு கால்சியம் சிலிகேட் படிகம்), திரும்பத் திரும்ப வர்ற யூனிட் செல்லுக்கு 28 அணுதான், அத அடுக்கி பெரிய பாக்ஸாக்கி நடுவுல ஒரே ஒரு ஸ்க்ரூ டிஸ்லொகேஷன் (ஒரு கோட்ட சுத்தி அணு அடுக்கு சுழல்படி மாதிரி ஏறற குறை) போட்டேன், மூணு பக்கமும் பீரியாடிக் (ஒரு ஓரம் எதிர் ஓரத்தோட ஒட்டற மாதிரி), லாம்ப்ஸ்ங்கற சிமுலேஷன் மென்பொருள்ல பக்கிங்காம் பொடென்ஷியல் (அணுக்களுக்கு நடுவுல எனர்ஜிய தர்ற ஃபார்முலா). மினிமைஸ் ஓட விட்டா எனர்ஜி மைனஸ்ல கேவலமான நம்பருக்குப் போயிடுது. அணுக்கள படமா காட்டற ஓவிட்டோல பாத்தா ஒரு ஆக்சிஜன் பக்கத்து சிலிக்கான் மேலயே ஏறி உக்காந்துருக்கு! ரெண்டு வாரமா இதே கூத்து, நேத்து நைட்டு ரன் ஓடறப்ப கரண்ட் வேற போச்சு. எங்கப்பா கொத்தனார், "தண்ணி ஊத்துனா இறுகப்போற சிமெண்ட்ட கம்ப்யூட்டர்ல என்னடா பாக்கற"ங்கறாரு, அவருக்கும் ஒரு பதில் வேணும்.

தரமணி_அண்ணன்:
தம்பி, ரெண்டு தப்பு. பீரியாடிக் பாக்ஸ்ல ஒத்தை டிஸ்லொகேஷன் நிக்காது, ஒரு சுத்து சுத்தி வந்தா ஒரு படி ஏறிடும்ல, பாக்ஸோட ஓரம் எதிர் ஓரத்தோட எப்படி ஒட்டும்? எதிர் திசைல இன்னொன்னு சேத்து டைபோல் போடு, நாலா போட்டா இன்னும் நல்லது. இல்லன்னா லைன் திசைல மட்டும் பீரியாடிக் வச்சு சிலிண்டரா வெட்டி வெளி வளையத்த எலாஸ்டிக் சொல்யூஷன்ல ஃபிக்ஸ் பண்ணிடு.
அடுத்தது அந்த ஆக்சிஜன் விஷயம். பக்கிங்காம்ல தூரம் ரொம்ப கொறஞ்சா ஒன்னையொன்னு இழுக்கற மைனஸ் ஆர் பவர் 6 டெர்ம் ஜெயிச்சு எனர்ஜி அதலபாதாளம்தான். நீ ஒவ்வொரு அணுவையும் தனித்தனியா நகத்திருப்ப, கோர் (டிஸ்லொகேஷனோட நடுக்கோடு) பக்கத்துல நகர்வ தீர்மானிக்கற தீட்டா கோணம் சடார்னு மாறும், ஒரே டெட்ராஹீட்ரான்ல (ஒரு சிலிக்கான சுத்தி) இருக்கற நாலு ஆக்சிஜனும் நாலு பக்கம் பிஞ்சுடும். சிலிக்கானுக்கு என்ன நகர்வோ அதையே அதோட நாலு ஆக்சிஜனுக்கும் குடு. கால்சியத்த தனியா நகத்தலாம், பிரச்சனையில்ல.
கோர் எங்க வைக்கறதுன்னு ஒரு எடத்தோட நிறுத்தாத, சிமெட்ரி கம்மியான கிரிஸ்டல், பல எடம் மாத்தி மாத்தி வச்சுப் பாரு. எனர்ஜிய ஆரத்தோட லாக்குக்கு ப்ளாட் போடு, நேர்கோடு வந்தாதான் நம்பு.

சைட்_சிவிலு:
அப்பாகிட்ட இப்படி சொல்லுங்க, சீக்கிரம் ஸ்ட்ரெங்த் குடுக்கறது சிமெண்ட்ல இருக்கற இன்னொரு சிலிகேட்டான அலைட், பெலைட் சோம்பேறி, 28 நாளுக்கு அப்புறமும் மெதுவா ஏறிட்டே இருக்கும். ஆனா பெலைட்டுக்கு சுண்ணாம்புக்கல் கம்மி போதும், சூளை சூடும் அலைட்டுக்கு வேணுங்கற 1450 டிகிரி அளவுக்கு வேண்டாம், அதனால கார்பன் டை ஆக்சைடு மிச்சம். அந்த சோம்பேறிய எப்படி எழுப்பறதுன்னுதான் பையன் பாக்கறான், தண்ணி மொதல்ல கடிக்கறதே டிஸ்லொகேஷன் மாதிரி பலவீனமான எடத்துலதான்னு சொல்லுங்க. கொத்தனாருக்குப் புரியும்.

குரோம்பேட்டை_அக்கா:
ஒன்னு மட்டும் சொல்லிக்கறேன் தம்பி, ஒரு டிஸ்லொகேஷன வச்சு தீசிஸ்ல ரொம்ப அளந்துடாதீங்க. நிஜ க்ளிங்கர்ல (சூளைல இருந்து வர்ற சிமெண்ட் கட்டி) அலுமினியம், கந்தகம்னு கலப்பு இருக்கும், பீட்டாவ பீட்டாவா நிறுத்தி வைக்கறதுல அதுக்குப் பெரிய பங்கு. சுத்தமான பெலைட்ட மெதுவா ஆறவிட்டா காமாங்கற வேற படிக வடிவமா மாறி, பருத்து, தானாவே பொடியா உதிரும், அது தண்ணிய கண்டுக்கவே கண்டுக்காது. ஒரு அசுத்த அணுவ கோர்கிட்ட வச்சும் ஒரு ரன் போடுங்க, சார்ஜ் பேலன்ஸ் மறக்காம.

வேளச்சேரி_வாசி:
அண்ணா, டெட்ராஹீட்ரான முழுசா நகத்துனேன், ஆக்சிஜன் இறங்கிடுச்சு!! கோர்-ஷெல் மாடல்னா (ஒரே அணுவ கோர், ஷெல்னு ரெண்டு துகளா வைக்கறது) ஷெல்லயும் கூடவே நகத்தணுமா?

தரமணி_அண்ணன்:
பின்ன? கோர மட்டும் நகத்திட்டு ஷெல்ல பழைய எடத்துலயே விட்டா மறுபடி அதே கூத்துதான்.