கேம்ப்ஃபயர் சுற்றி உட்கார்ந்து என்ன விளையாடலாம்? சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்

ஒயிட்ஃபீல்ட்வாசி:
எங்கள் பெங்களூரு அபார்ட்மென்ட் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து டிசம்பர் கடைசியில் கனகபுரா ரோடு பக்கம் ஒரு ஹோம்ஸ்டேவுக்குப் போகிறோம், ராத்திரி கேம்ப்ஃபயர் போட்டுத் தருவார்களாம். ஐந்து வயதுப் பிள்ளையிலிருந்து எழுபது தாண்டிய மாமியார் வரை இருக்கிறார்கள். ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு போனைப் பார்ப்பதில் எனக்கு இஷ்டமில்லை, எல்லோரும் சேர்ந்து விளையாடணும். ஆனால் நெருப்புப் பக்கத்தில் பிள்ளைகள் ஓடினால் வயிற்றைக் கலக்குகிறது. சில பிள்ளைகளுக்குத் தமிழும் சரளமாக வராது, கன்னடமும் இங்கிலீஷும்தான். என்ன விளையாடலாம்?

மடிவாளா அக்கா:
பாட்டுக்குப் பாட்டை முதலில் எடுக்காதீர்கள், பெரியவர்கள் உற்சாகமாகிவிடுவார்கள், பிள்ளைகள் அரை மணியில் எழுந்து போய்விடும். மழை விளையாட்டில் ஆரம்பியுங்கள், அதற்குப் பாஷையே வேண்டாம். ஒருவர் உள்ளங்கைகளைத் தேய்ப்பார், பக்கத்தில் இருப்பவர் தேய்ப்பார், அப்படியே வட்டம் முழுக்க வரும். அடுத்த சுற்றில் சொடக்கு, அப்புறம் தொடையில் தட்டுவது, அப்புறம் காலால் தரையைத் தட்டுவது, பிறகு அதே வரிசையில் பின்னோக்கித் திரும்பி வந்து ஓய்வது. கண்ணை மூடிக் கேட்டால் தூறல் பிடித்து, அடித்துப் பெய்து, விடுகிற மாதிரியே இருக்கும். அடுத்து கண்ணடிக்கிற விளையாட்டு. சீட்டுக் குலுக்கி ஒருவர் ரகசியமாகத் திருடன் ஆவார், அவர் யாரைப் பார்த்துக் கண்ணடிக்கிறாரோ அவர் அவுட், மற்றவர்கள் கண்டுபிடிக்கணும். நெருப்பு வெளிச்சத்தில் முகம் பாதிதான் தெரியும் என்பதால் பகலில் ஆடுவதைவிட இது ரொம்ப நன்றாக இருக்கும்.

பன்னேர்கட்டா ட்ரெக்கர்:
ஓடுகிற விளையாட்டு எல்லாம், கல்லா மண்ணா, நொண்டி, கண்ணாமூச்சி எதுவானாலும், நெருப்பு மூட்டுவதற்கு முன்னால் முடித்துவிடுங்கள், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நெருப்பிலிருந்து நாலைந்து அடி தள்ளி சுண்ணாம்புப் பொடியிலோ கயிற்றிலோ ஒரு வட்டம் போடுங்கள், பிள்ளைகள் அதைத் தாண்டக் கூடாது. நைலான், பாலியெஸ்டர் துணி சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் பருத்தி உடை போட்டுவிடுங்கள், துப்பட்டாவைக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். எரிகிற நெருப்பில் யாரும் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்ற விடாதீர்கள். ஆற்றிலிருந்து எடுத்த ஈரக் கல்லைச் சுற்றி அடுக்கினால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிக் கல் வெடிக்கலாம். ஒரு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சுட்டுவிட்டால் 20 நிமிஷம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள்; ஐஸும் டூத்பேஸ்ட்டும் வேண்டாம். பெரிய காயம் என்றால் 108.

ஜெயநகர் தாத்தா:
விடுகதையை மறந்துவிட்டீர்களே! "கிண்ணம் போல் பூப்பூக்கும், பானை போல் காய் காய்க்கும்" என்று மாமியாரைக் கேட்கச் சொல்லுங்கள், பிள்ளைகள் பூசணிக்காயைக் கண்டுபிடித்ததும் அடுத்தது அவர்கள் கேட்பார்கள், எந்தப் பாஷையிலும் கேட்கட்டும். அப்புறம் தொடர்கதை: ஒரு கூழாங்கல் கைமாறும், கல் யார் கையில் இருக்கிறதோ அவர் இரண்டு வரி சொல்லணும். பேய்க்கதை மட்டும் வேண்டாம், ஐந்து வயசுப் பிள்ளை ராத்திரி தூங்காது.

ஒயிட்ஃபீல்ட்வாசி:
ரொம்ப நன்றி, மழையும் தொடர்கதையும் கட்டாயம் உண்டு. சில குடும்பங்கள் டென்ட்டில் படுக்கிறார்கள். குளிருக்குக் கொஞ்சம் கரியை உள்ளே வைக்கலாமா என்று ஒருவர் கேட்கிறார், சரியா?

பன்னேர்கட்டா ட்ரெக்கர்:
கூடவே கூடாது! கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கம்பளி கூடுதலாக எடுத்துப் போங்கள். படுக்கப் போகும்முன் கேம்ப்ஃபயரில் தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைச் சாம்பலுக்கு மேலே காட்டிப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் ஊற்றணும்.