ஞாயிறு பிதுக்குப் பருப்பு

சுதா: ஞாயிறு பாட்டிக்கு 80. குழம்பு நான்தான் வைப்பேன் என்று நிலா ஒரே பிடிவாதம். பிதுக்குப் பருப்பாம். அவரைக்காய் யார் வாங்கி வருகிறீர்கள்? எத்தனை பேர்?

கணேஷ்: நாங்கள் 4

ஓசூர் அத்தை: ஏழு வயதுக் குழந்தையை அடுப்பங்கரையில் விடுவார்களா சுதா?

சித்ரா சித்தி: நாம் எல்லாம் அந்த வயதில் சாதம் வடித்தோமே அக்கா

ஓசூர் அத்தை: வடித்துத்தான் காலில் ஊற்றிக்கொண்டேன். தழும்பு இருக்கிறது, வந்து பார்.

பெரியப்பா: எல்லோரும் முழுதாகப் படியுங்கள். சமையல் என்றாலே அடுப்புதானா? காயை உரித்துக் கொட்டையை ராத்திரியே ஊறப்போட்டால், காலையில் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினதும் தோல் கையில் நிற்கும், பருப்பு எகிறிப் போய் விழும், குழந்தைக்கு இதைவிடத் தோதான வேலை கிடையாது, அம்மா எனக்கு முதலில் கொடுத்ததும் இதுதான். அப்புறம் புளி கரைக்கட்டும், உப்பு பார்க்கட்டும். தாளிப்பு மட்டும் வேண்டாம், கடுகு முகத்தில் அடிக்கும். சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்டு, பேஸ்ட், மாவு, ஐஸ் எதுவும் கூடாது. கேஸ் நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் கதவைத் திற, அது காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். வெளியே வந்து 1906க்குப் போன். நிலாவுக்கு இது மனப்பாடம் ஆக வேண்டும்.

கணேஷ்: பெரியப்பா, அவள் வைக்கப்போவது குழம்பு. கேஸ் ஏஜென்சி இல்லை

ஓசூர் அத்தை: பெண் குழந்தைக்கு மட்டும்தான் பாடமா? கணேஷ், உன் பையனுக்கு ஒன்பதாகிறது. தின்ற தட்டை எடுக்கிறானா?

கணேஷ்: பிதுக்க அவனும் வருவான் அத்தை

சுதா: நீ பிதுக்கியிருக்கிறாயா முதலில்?

சித்ரா சித்தி: தேங்காய் அரைக்க வேண்டுமே. அம்மாவின் கிரைண்டர் இங்கே இருந்திருந்தால்

ஓசூர் அத்தை: ஆரம்பித்துவிட்டாயா. அம்மாவே கூப்பிட்டுக் கொடுத்தது.

சித்ரா சித்தி: நான் யாரையும் சொல்லவில்லையே

கணேஷ்: மிக்சி போதும்

பெரியப்பா: இன்னொன்று. பெங்களூர் 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக, சென்னையைவிட நேரம் பிடிக்கும். கொதித்ததும் இறக்கிவிடாதே.

சுதா: சரி பெரியப்பா. அவரைக்காய்?

பெரியப்பா: வி.வி.புரத்தில் பார். மாகடி ஊர்க் காய் என்றால் உசத்தி. மோந்து பார்த்து வாங்கு, அந்தக் காய்க்கே உரிய சொகடு வாசம் தூக்க வேண்டும், கையில் பிசுக்கென்று ஒட்ட வேண்டும்.

சுதா: அதற்குத்தான் ஆள் கேட்கிறேன்

கணேஷ்: பிதுக்கின பருப்பே விற்கிறார்களே

பெரியப்பா: அப்படியென்றால் குழந்தை எதைக் கற்றுக்கொள்ளும்? கரண்டி பிடிக்கவா?

ஓசூர் அத்தை: சனி ராத்திரியே வந்துவிடுகிறேன். தாளிப்பு என் பொறுப்பு. அரிவாள்மணையை இப்போதே பரண்மேல் போடு.

சித்ரா சித்தி: கிரைண்டரோடா வருகிறாய் அக்கா?

பெரியப்பா: சித்ரா.

கணேஷ்: அவரைக்காய் 2 கிலோவா 3 கிலோவா

சுதா: 3. நீ வாங்குகிறாயா?

கணேஷ்: எவ்வளவு என்றுதான் கேட்டேன்