ஒற்றைப் பளிங்கு எந்தப் பக்கம் வளையும்? கையால் அறிந்தவர்கள் எழுதியவை

பரந்தனில் உயர்தரப் பௌதிகவியல் கற்பிக்கும் ஆசிரியை:

செப்பு எவ்வளவு தகைப்பில் (ஓரலகுப் பரப்பில் தாங்கும் விசையில்) நிரந்தரமாக வளையத் தொடங்கும் என்று ஒரு மாணவி கேட்டாள். அட்டவணையைப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்லிவிட்டேன். அந்த எண், அணுக்கள் ஒரே ஒழுங்கில் அடுக்கிய எண்ணற்ற சிறு பளிங்குகள் தாறுமாறாகச் சேர்ந்த செப்புக்கு உரியது என்பதும், ஒரே பளிங்காக வளர்ந்த துண்டு இழுக்கும் திசைக்கேற்ப வேறு வேறு விடை சொல்லும் என்பதும் வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தன. இதை நேரில் கண்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

அறிவியல்நகரில் பொறியியல் படித்தவர்:

மேற்படிப்புக்காக வெளிநாட்டில் இருந்தபோது, பென்சில் தடிப்பில் ஒற்றைப் பளிங்குச் செப்புக் கோல் ஒன்றைப் பேராசிரியர் என் கையில் தந்து வளைக்கச் சொன்னார். மெழுகுபோல வளைந்தது. இனி நிமிர்த்துங்கள் என்றார். முழங்காலில் வைத்து அழுத்தியும் நிமிரவில்லை. வளைந்த கணத்தில் அணு அடுக்குகளிடையே பெருகிய பிறழ்வுகள் (அடுக்கின் ஒழுங்கு குலைந்த கோடுகள்) ஒன்றையொன்று குறுக்கறுத்துப் பூட்டிக்கொண்டதே காரணம். (அந்தப் பிறழ்வுக்குரிய ஆங்கிலச் சொல்லை நேரே பெயர்த்தால் 'இடப்பெயர்வு' என்று வரும். வன்னியில் பிறந்த எனக்கு அச்சொல்லை ஓர் உலோகத்துக்குக் கொடுக்க மனம் வருவதில்லை.)

பின்னர் ஒரே அலுமினியப் பளிங்கிலிருந்து மூன்று கோல்களை வெட்டி இழுத்துப் பார்த்தேன். அலுமினியத்தில் அணுக்கள் கனசதுரங்களாக அடுக்கப்பட்டிருக்கும்; அவை வழுக்கக்கூடிய தளங்கள் நான்கு, ஒவ்வொரு தளத்திலும் திசைகள் மூன்று. ஆகப் பன்னிரண்டு வழிகள். இழுவிசையில் எவ்வளவு பங்கு ஒரு வழியில் வழுக்கலாகச் சேர்கிறது என்பதை, தளத்தின் செங்குத்துக்கும் வழுக்கும் திசைக்கும் இழுவை அச்சோடு உள்ள இரு கோணங்களின் கோசைன் பெருக்கம் தருகிறது. எரிக் ஷ்மிட் 1924 இல் முன்வைத்த விதி இது. பெருக்கம் 0.5 ஐத் தாண்டாது. கனசதுர விளிம்பின் திசையில் வெட்டிய கோலில் எட்டு வழிகள் 0.41 அளவில் ஒன்றாகத் தயாராக நின்றன. கனசதுரத்தின் ஒரு மூலையிலிருந்து உள்வழியே எதிர்மூலைக்குச் செல்லும் மூலைவிட்டத் திசையில் வெட்டியதில் மிகச் சாதகமான வழிகளுக்கே 0.27 தான் கிடைத்தது. அதாவது வழுக்கலைத் தொடக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இழுக்க வேண்டும். சரிவான திசையில் வெட்டிய மூன்றாவது கோல்தான் என்னை வியக்க வைத்தது. ஒரே ஒரு வழி மட்டும் திறந்ததால், வட்டமாக இருந்த அதன் குறுக்குவெட்டு நீள்வட்டமாகத் தட்டையாகி, மேற்பரப்பில் சாய்ந்த கோடுகள் வரிவரியாக எழுந்தன.

ஒட்டுசுட்டானில் கூரைவேலை செய்பவர்:

பளிங்கு எனக்குத் தெரியாது, தகரம் தெரியும். வீட்டுத் திட்டத்துக்காக அலைத்தகரங்களை உழவு இயந்திரப் பெட்டியில் அடுக்கிக் குளக்கட்டில் ஏறும்போது, அலைகள் பெட்டியின் நீளவாக்கில் இருந்தால் தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சறுக்கிப் பின்னால் விழும். அதே கட்டில் இயந்திரம் பக்கவாட்டில் சாய்ந்தாலும், முகடும் பள்ளமும் பூட்டிக்கொண்டிருப்பதால் ஒரு தகரமும் அசையாது. ஒருமுறை கயிறு போடாமல் ஏறி, கட்டின் அடியில் பதினேழு தகரங்களைப் பொறுக்கினோம். தம்பி சொல்லும் தளமும் திசையும் இதுதானோ?

முன்பு எழுதிய பொறியியலாளர்:

அதேதான், அண்ணை. தளம் மட்டும் சரியாக இருந்தால் போதாது, திசையும் பொருந்த வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல இயலாது. ஒரு வேறுபாடு உண்டு: தகரத்தின்மேல் பாரம் ஏற்றினால் உராய்வு கூடிச் சறுக்கல் குறையும். உலோகப் பளிங்கில் தளத்தைச் செங்குத்தாக அழுத்தும் விசை அநேகமாகக் கணக்கில் வராது. தளத்தின் வழியே தள்ளும் பங்கே தீர்மானிக்கும்.

முல்லைத்தீவைச் சேர்ந்த, வெளிநாட்டு வார்ப்பாலை ஒன்றில் வேலைசெய்தவர்:

எங்கள் இடத்தில் விமான எஞ்சின் சுழலிகளுக்கான நிக்கல் கலப்புலோக அலகுகளை (சுழலும் இறக்கைகளை) ஒற்றைப் பளிங்காக வளர்த்தோம். அவற்றை எப்போதும் கனசதுர விளிம்புத் திசையிலேயே வளர்ப்பார்கள். அது மிக வலிய திசை என்பதாலன்று. அறை வெப்பத்தில் அந்தத் திசையின் மீள்தன்மைக் குணகம் (விறைப்பின் அளவு) ஏறத்தாழ 130 கிகாபஸ்கால், மூலைவிட்டத் திசையிலோ 300 க்கு மேல். சூடேறிக் குளிரும் ஒவ்வொரு முறையும் உலோகம் விரிந்து சுருங்க, குறைந்த குணகமுள்ள திசையில் தகைப்பு குறைவாகவே எழும், அதனால் வெடிப்பும் பிந்தும். வார்த்த அலகை எக்ஸ் கதிரில் வைத்துச் சாய்வு அளப்பது என் பொறுப்பு. கண்ணுக்குக் குறையேதுமற்ற அலகு ஒன்று, வளர்ச்சித் திசை இருபது பாகை விலகியதற்காகக் கழிக்கப்பட்டபோது முதல் மாதத்தில் எனக்குக் கோபமே வந்தது.

பரந்தன் ஆசிரியை:

இரண்டு அலைத்தகரத் துண்டுகளை வகுப்பு மேசையில் வைத்துச் சாய்த்துக் காட்டினேன். அந்த மாணவி மேல் தகரத்தைப் பாதி திருப்பி வைத்துவிட்டு, "இப்படி இருந்தால் எந்தப் பக்கம் சறுக்கும், ரீச்சர்?" என்றாள். அலைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நின்ற அந்தத் தகரத்தை நாங்கள் இருவரும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது.