5 ரூபாய்க் காசில் வருடம் இரண்டாகத் தெரிகிறது, டபுள் டையா?

திருமங்கலத்தான்:
தெற்காவணி மூல வீதிப் பக்கம் ஒரு பழங்காசு வியாபாரியிடம் 1994 வருட 5 ரூபாய் ஒன்று பார்த்தேன். அந்தக் கனமான 9 கிராம் காசு. வருடத்தின் நாலு இலக்கமும் நிழல் தட்டின மாதிரி இருக்கிறது. "டபுள் டை தம்பி (அச்சிலேயே உருவம் இரண்டாகப் பதிந்த பிழைக் காசு), 800 ரூபாய்" என்கிறார். நூறு ரூபாய் முன்பணம் கொடுத்துக் கையோடு வாங்கி வந்திருக்கிறேன். மீதியைக் கொடுக்கலாமா?

காசுப்பித்து:
கொஞ்சம் பொறுங்க. நகைப் பட்டறையில் கேட்டால் பத்து மடங்கு லென்ஸ் தருவார்கள். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழும்படி வைத்து, காசை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். அந்த நிழல் தட்டையா, இல்லை இலக்கத்தைப் போலவே உருண்டு எழும்பி நிற்கிறதா? இன்னொரு 1994 காசையும் பக்கத்தில் வையுங்கள். இலக்கம் தடித்திருக்கிறதா, மெலிந்திருக்கிறதா?

திருமங்கலத்தான்:
பார்த்துவிட்டேன் அண்ணே. வலது ஓரத்தில் மட்டும், காசின் தளத்தை ஒட்டினாற்போல் பளபளவென்று ஒரு தட்டைப் படி. 9-இன் வளைவு மற்ற காசில் இருப்பதைவிட ஒல்லி.

காசுப்பித்து:
அப்போ மெஷின் டபுளிங்தான். அச்சின் பிடி தளர்ந்திருந்தால், அடி விழுந்த கையோடு அச்சு லேசாக நழுவும். காயாத சாந்தில் எழுதியதைக் கரண்டி உரசினாற்போல, அப்போதுதான் எழும்பிய இலக்கத்தின் ஓரம் அமுங்கிவிடும். புதிதாக எதுவும் சேர்வதில்லை, இருந்த உலோகம்தான் நசுங்குகிறது. இலக்கம் ஒல்லியானது அதனால்தான்.

டபுள் டை என்பது காசு அடிக்கும்போது வரும் கோளாறே இல்லை, அச்சிலேயே இருப்பது. புடைப்பு உருவம் கொண்ட ஹப்பை எஃகில் அழுத்தித்தான் அச்சு செய்வார்கள். அந்தக் காலத்தில் ஒரே அழுத்தில் முழுசாகப் பதியாது. எஃகைச் சுட்டு இளக்கி மறுபடி அழுத்துவார்கள். இரண்டாம் தடவை துளி திரும்பினாலும் உருவம் இரண்டாகக் குழிந்துவிடும். பிறகு அந்த அச்சில் அடித்த காசு எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே இரட்டிப்பு வரும். எழுத்து தடிக்கும், முனைகள் பிளந்து தெரியும். அமெரிக்காவின் 1955 லிங்கன் சென்ட் காசுகளில் டபுள் டையாக வந்தவற்றைப் பாருங்கள், லென்ஸே வேண்டாம்.

மேலூர் வாசகன்:
தேய்ந்த அச்சில் அடித்த காசையும் இப்படித் தள்ளிவிடுவார்கள். அதில் எழுத்தோரம் மங்கி, ஊதினாற்போல் இருக்கும். அதுவும் வேறு கதை.

திருமங்கலத்தான்:
திருப்பிக் கொடுக்கப் போனேன். 200-க்கு எடுத்துக்கொள் என்கிறார்.

காசுப்பித்து:
அஞ்சு ரூபாய்க்குக் கேளுங்க. பாக்கி முன்பணத்தையும் மறக்காமல் வாங்கிவிடுங்கள்.